கயிற்றின் மேல் போட்ட பழி

மூன்று வருஷத்துக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கோலா சாவா என்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. அங்கே மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல் கிரில், லோரியின் பின்கதவு, தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டி என்று எது உடைந்தாலும் என்னிடம் வரும். பட்டறை வைப்பதற்கு முன் பதினெட்டு வருஷம் செம்பனை எண்ணெய் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். இந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் என்னிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட முடியாது. அவ்வளவு கர்வம் எனக்கு. ஆனால் இந்த விஷயத்தை மட்டும் வீட்டில் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் காலை பசியாறிவிட்டு வந்து பட்டறையைத் திறக்கிறேன், வாசலில் ஒரு அம்மா நிற்கிறார். லோபாக்கில் குடியிருப்பவர், தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றுக்குத் தான் செயலாளர் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டுத்தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

கிளப்புக்குச் சொந்த இடம் கிடையாது. புக்கிட் பெலண்டோக் பக்கத்தில், அனுமதி பெற்ற ஒரு சுடும் மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று பக்கமும் உயரமான மண்மேடு. மத்தியானம் கிளம்பும்போது ஒரு கம்பிகூட அங்கே நிற்கக்கூடாது. அதனால் குறிபார்த்துச் சுடுகிற இரும்புத் தட்டுகளை மாட்ட, கழற்றிப் பூட்டக்கூடிய ஸ்டாண்டுகள் ஆறு வேண்டும். நான்கு கால், மேலே ஒரு குறுக்குக் குழாய், எல்லாம் பிரித்து ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். வட்டத் தட்டுகளை அவர்களே ஒரு தொழிற்சாலையில் வெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். தட்டின் மேல் ஓரத்தில் ஒரு துளை. அதில் போல்ட் போட்டு, ஒரு ரப்பர் பட்டையால் குழாயில் தொங்கவிட வேண்டும். தட்டு கொஞ்சம் தலைகுனிந்து நிற்க வேண்டும், அப்போதுதான் குண்டு பட்டுச் சிதறுகிற துகள் தரைக்குப் போகும்.

டீச்சர் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். தட்டு பதம் ஏற்றிய இரும்பு, அதற்குச் சூடே காட்டக்கூடாது. சூடு பட்ட இடம் இளகிவிடும், அங்கே குண்டு பட்டால் குழி விழும், குழியில் பட்ட துகள் தரைக்குப் போகாமல் சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். நான் தலையை ஆட்டினேன். பதினெட்டு வருஷம் இரும்போடு கிடந்தவனுக்கு ஒரு கணக்கு டீச்சர் இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சல்தான்.

மில்லில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே மெஷின்கள் ராப்பகலாக அதிர்ந்துகொண்டே இருக்கும். போல்ட்டை எப்படி இறுக்கினாலும் பத்து நாளில் கழன்றுகொள்ளும். அதனால் போல்ட் போட்ட கையோடு அதன் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுவோம். பொட்டு வைக்காத போல்ட்டைப் பார்த்தால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவனைத்தான் நினைப்போம். மில்லை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை.

முதல் ஸ்டாண்டை டீச்சர் சொன்னபடியே செய்து பார்த்தேன். தட்டு மாட்ட இரண்டு ஸ்பேனர் வேண்டியிருந்தது, ரப்பர் பட்டை வழுக்கியது, ஒரு தட்டுக்கே ஐந்து நிமிஷம் ஆனது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டின் முதுகில் நட்டநடுவே ஒரு கொக்கியை வெல்டிங் வைத்துவிட்டால் போதும், அப்படியே தூக்கிக் குழாயில் மாட்டிவிடலாம். தலைகுனிவும் தானாக வந்துவிடும். முன்பக்கம் எதுவும் தெரியாது. ஒரே மத்தியானத்தில் ஆறு தட்டுக்கும் கொக்கி வைத்து, சுற்றிலும் கிரைண்டர் பிடித்து, பின்பக்கம் தடித்த கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். சூடு பட்டு நீலம் பூத்திருந்த வளையம் பெயிண்டுக்குள் மறைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் பூட்டிக் காட்டினேன். டாக்டர், வக்கீல், பேங்க்காரர், காண்ட்ராக்டர் என்று இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஆறு ஸ்டாண்டும் நிமிஷத்தில் எழுந்து நின்றதைப் பார்த்துக் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கொக்கிக்கு வெல்டிங் வச்சீங்களா தம்பி?"

"இல்லலா டீச்சர். உள்ளுக்குள்ள ஸ்குரூ. மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கேன்."

இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. கைதட்டல் அடங்குவதற்குள் கேட்டுவிட்டார், அவ்வளவுதான் காரணம். தனியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் தோட்டத்தில் செம்பனைக் கன்று நட வரிசை பிடித்துக் குச்சி ஊன்றுகிற வேலை பார்த்தவர். இப்போது கிளப்பில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு காலை இங்கே நிற்க வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே மாதா கோயிலுக்குப் போய் வந்துவிடுவாராம். தட்டு மாட்டுவது, தூரம் அளப்பது, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் அதை ஊதினால் டாக்டரும் வக்கீலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போக வேண்டும். மறுபடி ஊதும்வரை யாரும் தொடக்கூடாது. அவர் விசிலை ஊதுகிறபோது முதுகு நிமிர்ந்து நிற்பதை நானே பார்த்தேன். அந்த ஒரு காலைக்காகத்தான் அவர் வாரம் முழுக்க இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

தூரம் அளக்க அவர் வைத்திருந்தது தோட்டத்துக் கயிறு. கன்று நட வரிசை பிடிக்கிற நீல பிளாஸ்டிக் கயிறு, சரியாகப் பதினைந்து மீட்டரில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. சுடுபவருக்கு அதைவிடக் கிட்டே தட்டு வரக்கூடாது என்பது கிளப்பின் விதி.

மூன்றாவது வாரம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் பட்டறைக்கு வந்தார். தட்டுகளின் நடுவில் குழி விழுகிறது, கையால் தடவினால் தெரிகிறது, வந்து பார் என்றார். நான் சூடு காட்டிய இடம்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இரும்புண்ணே, முட்டையா என்ன? நீங்க கிட்ட வச்சு சுட விடுறீங்கபோல. தள்ளி வைங்க."

அவர் தான் கயிறு பிடித்துத்தான் வைப்பதாகச் சொன்னார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பற்றவைத்தேன். வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அது நடந்துவிட்டது. பேங்க்கில் வேலை செய்கிற ஓர் இளைஞர் சுட்டபோது துகள் ஒன்று திரும்பி வந்து கன்னத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். இன்னொரு துகள் அவர் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் கோடு போட்டிருந்தது, சரியாகக் கருவிழிக்கு நேராக. டீச்சர் போனில்தான் இதைச் சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படி, எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே மைதானத்தில் ஒரு கூடாரத்துக்குக் கீழே செயற்குழு கூடியது. ஸ்டாண்ட் செய்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் ஒரு மலாய்க்காரர், பொறுமையான மனிதர். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. தட்டில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று என்னைக் கேட்டார். கிளப்புக்கு லைசென்ஸ் போய்விடுமோ, போலீஸ் வருமோ, என் பட்டறைக்கு யார் வருவார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. தட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தூரத்தைக் கயிற்றால் அளக்கிறார்கள், பழைய கயிறு, இழுத்து இழுத்து முடிச்சு நகர்ந்திருக்கும், தட்டு கிட்டே வந்திருக்கும் என்று நானாகவே சொன்னேன். யாரும் என்னைக் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

கயிறு என்றதும் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். இந்தக் காலத்தில் கயிறா என்று வக்கீல் வியப்பாகக் கேட்டார். அண்ணன் ஓரமாக நின்றிருந்தார். தான் ஒவ்வொரு தடவையும் அளந்துதான் வைத்ததாகச் சொன்னார். அவருடைய மலாய் தோட்டத்து மலாய், அதுவும் அன்றைக்குத் திக்கியது. கயிறு அவர் பையிலேயே இருந்தது. யாரும் அதை வாங்கி அளந்து பார்க்கவில்லை. விசாரணை முடியும்வரை விசிலை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அவர் கழுத்திலிருந்து கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, நாடாவைச் சுற்றி மேசை மேல் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

தட்டுகளைச் சோதித்துத் தருகிறேன் என்று நானே வாங்கிவந்துவிட்டேன். பட்டறை மூலையில் போட்டு மேலே கான்வாஸைப் போர்த்தினேன். ஒருநாள் மனைவி ஊரில் இல்லாத மத்தியானத்தில் ஒரு தட்டின் பின்பக்கப் பெயிண்டைச் சுரண்டினேன். கொக்கியைச் சுற்றி நீல வளையம் அப்படியே இருந்தது. திருப்பிப் பார்த்தால் அதே இடத்துக்கு நேராக முன்பக்கம் குழி. டீச்சர் நோட்டுத்தாளில் எழுதியிருந்தது ஒவ்வொரு வரியாக இரும்பில் இருந்தது. மறுபடி பெயிண்ட் அடித்து மூடினேன்.

ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் காலை அண்ணனின் மோட்டார் வந்து நின்றது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்லப்போனால், சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். நானும் திருப்பிக் கத்தலாம். அவர் பையிலிருந்து அந்த நீலக் கயிற்றை எடுத்தார்.

"தம்பி, ஒங்கிட்ட நீள டேப் இருக்குல்ல. இத அளந்து சொல்லு. எனக்கு சின்ன நம்பர் கண்ணுக்குத் தெரியாது."

"எதுக்குண்ணே?"

"முடிச்சு நகந்திருக்கும்னு சொன்னியே. நகந்திருந்தா அந்தப் புள்ள மொகத்துல அடிபட்டது என்னாலதான. தெரியாம எப்படி தூங்குறது?"

நான் போட்ட பழியை அவர் நம்பியிருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. என் மேல் கோபமாக இருப்பார், என்னைத் திட்டுவார் என்று எண்ணினேனே தவிர, பத்து நாளாகத் தன்னையே குற்றவாளியாக நினைத்துத் தூங்காமல் கிடப்பார் என்று எனக்கு உறைக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பட்டறை வாசலில் தார் ரோட்டோரமாகக் கயிற்றை விரித்தோம். அவர் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டார். நான் முப்பது மீட்டர் டேப்பை இழுத்துக்கொண்டு முடிச்சுவரை போய்க் குனிந்து பார்த்தேன்.

பதினைந்து மீட்டர். அதற்கு மேல் இரண்டு விரல்கடை.

நான் திரும்பி வந்து சொன்னதும் அவர் மூச்சை விட்டார். "ரெண்டு வெரக்கட நாந்தான் கூட விட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு." பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார், "அப்ப ஏம்பா தெறிச்சுச்சு?"

ஆறு தட்டும் எங்களுக்குப் பத்தடி தூரத்தில் கான்வாஸுக்குக் கீழே கிடந்தன.

"தெரியலண்ணே," என்றேன்.

அவர் போய்விட்டார். அன்றைக்கு நான் பிடித்த ஒரு வேலையும் உருப்படவில்லை. ஒரு கேட்டின் கீலைத் தலைகீழாக வைத்து வெல்டிங் அடித்துவிட்டு, அதை அறுத்து எடுத்துவிட்டு, மறுபடி தலைகீழாகவே வைத்தேன். மூன்று மணிக்குப் பட்டறையை மூடினேன். சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்திருந்த தட்டை ஒரு கோணிப்பையில் சுற்றி மோட்டாரின் முன்னால் வைத்துக்கொண்டு லோபாக்குக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை ஓரம் கட்டினேன். திரும்பிவிடலாமா என்று யோசிக்கத்தான்.

டீச்சர் வீட்டு வராண்டாவில் தட்டை வைத்துப் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினேன். அவர் நீல வளையத்தின் மேல் விரலை ஓட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல," என்றார்.

"ஆமா டீச்சர்."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. ஞாயித்துக்கெழம அங்க வந்து சொல்லுங்க. அவரையும் வரச் சொல்றேன்."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் அதை எதிர்பார்த்ததும் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை அதே கூடாரத்துக்குக் கீழே, கைதட்டிய அதே ஆட்கள் முன்னால், மலாயில் சொன்னேன். சூடு காட்டக்கூடாது என்று சொல்லியும் காட்டினேன். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். குழி விழுகிறது என்று அண்ணன் வந்து சொன்னபோது அவரையே குறை சொல்லி அனுப்பினேன். கயிற்றில் எந்தத் தப்பும் இல்லை, நானே அளந்து பார்த்தேன். மேசை மேல் சுரண்டிய தட்டு இருந்தது. தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது டீச்சர் தமிழில் சொன்னார், "அவரப் பாத்து சொல்லுங்க தம்பி."

எல்லோர் முன்னாலும் மலாயில் சொன்னது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. தமிழில், அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் நான் முடிக்கிறவரை காத்திருந்தார்.

கன்னத்தில் தழும்போடு நின்றிருந்த அந்த இளைஞர் முதலில் வந்தார். என் தோளைத் தட்டி, "பரவால்ல அங்கிள், கண்ணு நல்லாத்தான் இருக்குலா," என்றார். அவருக்கு நான் செய்ததுதான் பெரிய ஆபத்து. ஆனால் அவர் அரை நிமிஷத்தில் மன்னித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் நகரவில்லை.

"வெல்டிங்கு தப்பாப் போச்சு, சரி. வேல செய்றவனுக்குத் தப்பு வரும். பயத்துல மறச்சிட்ட, அதுவும் சரி. கயித்து மேல எதுக்குப்பா பழி போட்ட?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். நான் என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். டீச்சர் கொண்டுவந்து கொடுத்த விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மண்மேட்டுப் பக்கம் நடந்துபோனார். விசில் சத்தம் கேட்டதும் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் போனார்கள். நானும் போய் நின்றேன்.

புதுத் தட்டுகள் வரவழைத்து, ஆறு ஸ்டாண்டையும் டீச்சர் வரைந்து கொடுத்தபடியே, போல்ட்டும் ரப்பர் பட்டையுமாக மாற்றிக் கொடுத்தேன். இரண்டே நாள் வேலை. இன்றைக்கும் அவைதான் ஓடுகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் தட்டு மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறாராம். டீச்சர்தான் சொன்னார். அவர் அப்படிச் செய்ய வேண்டியதுதான். எங்கேயாவது பார்த்தால் பசியாறியாச்சா என்று கேட்பார், நானும் பதில் சொல்வேன். பட்டறைப் பக்கம் மட்டும் அவர் வருவதில்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. கிளப்பில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். தூரத்தை அந்த டாக்டரோ வக்கீலோ அளந்து வைத்திருந்தால், முடிச்சு நகர்ந்திருக்கும் என்கிற வார்த்தை என் வாயில் வந்தே இருக்காது. தோட்டத்துக் கயிறு, தோட்டத்து மலாய், தோட்டத்து ஆள், சொன்னால் எல்லோரும் நம்புவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே மாதிரி தோட்டத்து வரிசை வீட்டு லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே நான். மூன்று வருஷமாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன், அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.